திகிலுக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒரு திரையரங்கில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். விளக்குகள் அணைகின்றன. திரையில் மனிதர் எவரும் இல்லை. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, இருண்ட பங்களாவும் இல்லை. வெறும் பட்டைக் கோடுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து வருகின்றன. கிடையாகச் சில, செங்குத்தாகச் சில. அவற்றுக்கு இடையே எழுத்துகள் துண்டு துண்டாகத் தோன்றி, ஒரு நொடி ஒன்றுகூடிப் பெயராகி, மறுபடியும் சிதறுகின்றன. பின்னணியில் வயலின்கள் வெட்டி வெட்டி ஒலிக்கின்றன.

கதை இன்னும் தொடங்கவில்லை. ஒரு துளி இரத்தம்கூடக் காட்டப்படவில்லை. ஆனால் உங்கள் கைகள் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன! கோடுகளைக் கண்டு மனிதன் ஏன் அஞ்சவேண்டும்?

நான் கூறுவது 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'சைக்கோ' என்ற படத்தின் பெயர்ப்பட்டியலை, அதாவது 'டைட்டிலை'. இயக்கியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். அது பெரியவர்களுக்கான குற்றக்கதை. இப்போதே நீங்கள் அதைப் பார்க்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அதன் முதல் இரண்டு நிமிடங்களுக்குள் ஒரு நல்ல இயற்பியல் பாடம் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. "எனக்குப் படம் வரைவதில்தான் ஆசை; இந்த வேகம், முடுக்கம், ஊசல் எல்லாம் எனக்கு எதற்கு?" என்று கேட்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. விடையைக் கட்டுரையின் முடிவில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஓடிய பெயர்கள்

ஒரு காலத்தில் டைட்டில் என்பது வெறும் பட்டியல். நடித்தவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர்கள் வரிசையாக வரும். அமெரிக்கத் திரையரங்குகள் பலவற்றில் அந்த நேரத்தில் திரைச்சீலையைக்கூட விலக்கமாட்டார்கள். மூடிய சீலையின் மேலேயே பெயர்கள் ஓடி முடியும். பார்ப்பவர்களோ சோளப்பொரி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் சால் பாஸ். 1920-இல் நியூயார்க்கில் பிறந்த அவர் ஓர் ஓவிய வடிவமைப்பாளர். 'கதை தொடங்கும் முன்பே கதையின் மனநிலையைப் பார்ப்பவருக்குள் ஏற்றிவிடவேண்டும்' என்பது அவர் கொள்கை. 1955-இல் அவர் டைட்டில் அமைத்த ஒரு படம் திரையரங்குகளுக்குச் சென்றபோது, 'டைட்டிலுக்கு முன்பே திரைச்சீலையை விலக்குக' என்ற குறிப்பும் உடன் சென்றதாம்! 1959-இல் ஒரு கொலை வழக்கைப் பற்றிய படத்திற்கு, காகிதத்தில் வெட்டிய ஓர் உடலின் கை, கால், தலை ஆகியவற்றைத் தனித்தனியே திரையில் வைத்தார். பார்த்தவுடனே இது என்ன கதை என்று புரிந்துவிடும் அல்லவா?

'சைக்கோ'வின் கதை, பிளவுபட்ட ஒரு மனத்தைப் பற்றியது. எனவே பாஸ் எழுத்துகளையே பிளந்தார். அது கலைஞனின் எண்ணம். ஆனால் எண்ணம் மட்டும் திரையில் நகராது. அதை நகர்த்த ஒரு கணக்கு வேண்டும்.

நகராத படங்கள் நகர்வது எப்படி?

திரைப்படச் சுருளில் நகரும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அசையாத தனிப்படங்களே. ஒவ்வொன்றையும் சினிமாத் தொழிலில் 'பிரேம்' என்பார்கள். நொடிக்கு 24 பிரேம்கள் திரையில் விழுகின்றன. அதாவது ஒரு பிரேமின் காலம் நொடியில் 24-இல் ஒரு பங்கு. ஏறக்குறைய 42 மில்லி நொடி. சுருளைக் கொண்டு படம் காட்டும் கருவியில் ஒரு சுழலும் மூடி இருக்கும். அது ஒவ்வொரு பிரேமையும் இருமுறை ஒளிரச் செய்கிறது. எனவே நொடிக்கு 48 முறை ஒளி மின்னுகிறது. இவ்வளவு விரைவான மின்னலைக் கண்ணால் பிரித்தறிய முடியாததால் படம் சிமிட்டாமல் தெரிகிறது.

சிமிட்டாமல் தெரிவது சரி. நகர்வதாகத் தெரிவது ஏன்? 'கண்ணில் பிம்பம் சற்று நேரம் தங்கிவிடுகிறது, அதனால்தான்' என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். இது முழு விடை அன்று. பிம்பம் தங்குவது மட்டுமே காரணமானால், பல படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித் தெரியவேண்டுமே தவிர, நகர்வது தெரியாது!

1912-இல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். அருகருகே இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 200 மில்லி நொடி இடைவெளி விட்டால், முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று தனித்தனியாகத் தெரிந்தன. 30 மில்லி நொடிதான் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின. 60 மில்லி நொடி அளவில் வைத்தபோது, ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்ததாகப் பார்த்தவர்கள் கூறினார்கள். நகர்ந்த பொருள் எதுவுமே இல்லை. இயக்கம் நம் மூளையில்தான் பிறக்கிறது.

ஆகவே டைட்டில் அமைப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே ஒரு கோடு எவ்வளவு தள்ளியிருக்கவேண்டும் என்று முடிவு செய்கிறார். மீதியை உங்கள் மூளை பார்த்துக்கொள்கிறது.

ஆறடி அலுமினியக் கம்பிகள்

'சைக்கோ'வின் கோடுகள் எப்படி உருவாயின தெரியுமா? அன்று இதற்கெல்லாம் கணிப்பொறி கிடையாது. வெள்ளை வண்ணம் பூசிய ஒரு பெரிய பலகை. ஆறடி நீளமுள்ள அலுமினியக் கம்பிகளுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து அதன்மேல் வைத்தார்கள். கம்பி கோணாமல் நேராகச் செல்வதற்குப் பலகையில் ஊசிகளைக் குத்தி வழி அமைத்தார்கள். ஹரால்டு ஆட்லர், பால் ஸ்டோலராஃப் என்ற இருவர், முன்பே கணக்கிட்ட தூரத்திற்குக் கம்பிகளைக் கையால் தள்ளினார்கள். எந்தக் கம்பி எத்தனை பிரேமில் எங்கே வரவேண்டும் என்று கணக்கு இருந்தது. ஒரு கம்பி சற்றே கோணினாலும் மறுபடி முதலிலிருந்து எடுக்கவேண்டும். அப்படிப் பலமுறை எடுத்தார்கள்.

படத்தின் பெயரை வெள்ளை எழுத்தில் அச்சிட்டு, அந்தத் தாளைக் கிடையாக மூன்று துண்டுகளாக வெட்டினார்கள். மேல் துண்டை ஒரு வேகத்தில் ஒரு பக்கமும், கீழ்த் துண்டை வேறு வேகத்தில் வேறு பக்கமும், நடுத்துண்டை மற்றொரு வேகத்திலும் நகர்த்திப் படமெடுத்தார்கள். பிளந்த மனம் திரையில் வந்துவிட்டது!

கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். பலகையின் அகலம் 180 செ.மீ. என்று கொள்வோம். ஒரு பட்டை அதை ஒரு நொடியில் கடக்கவேண்டுமானால், 24 பிரேம்களில் ஒவ்வொன்றுக்கும் 7.5 செ.மீ. நகர்த்தவேண்டும். அரை நொடியில் கடக்கவேண்டுமானால் 12 பிரேம்கள். ஒவ்வொன்றுக்கும் 15 செ.மீ. இன்னும் வேகமாகப் பாயட்டும் என்று மூன்றே பிரேம்களில் முடித்தால் என்ன ஆகும்? 60 செ.மீ. தாவல். இவ்வளவு பெரிய தாவலை மூளையால் ஒட்டவைக்க முடியாது. பட்டை பாய்வதாகத் தோன்றாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துள்ளுவதாகவே தோன்றும். வேகத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

மொத்தம் இரண்டு நிமிடம் என்றால் 2,880 பிரேம்கள். அத்தனைக்கும் கணக்கு வேண்டும்.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. எல்லோருடைய பெயரையும் சுமந்து ஓடும் அந்த டைட்டிலில், கம்பி தள்ளிய அந்த இருவர் பெயரும் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

எட்டுத் தாள்கள் கொண்ட சிறு புத்தகம் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். தபால் அட்டையின் கனமுள்ள தாள் நல்லது. முதல் தாளில் இடது ஓரத்திலிருந்து 8 மி.மீ. நீளத்திற்கு ஒரு தடித்த பட்டை வரையுங்கள். அடுத்த தாளில் 16 மி.மீ., அதற்கடுத்து 24 மி.மீ. இப்படி எட்டாம் தாளில் 64 மி.மீ. பெருவிரலால் தாள்களை விரைவாகப் புரட்டினால் பட்டை சீராக நீளும். சம காலத்தில் சம தூரம். இது சீரான வேகம்.

இனி இன்னொரு புத்தகம். இதில் ஒவ்வொரு தாளிலும் கூட்டவேண்டிய நீளம் 1, 3, 5, 7, 9, 11, 13, 15 மி.மீ. ஆகப் பட்டையின் நீளங்கள் 1, 4, 9, 16, 25, 36, 49, 64. இவை வர்க்க எண்கள் அல்லவா? ஆம், ஒற்றை எண்களாகக் கூடிச்செல்லும் இந்த வரிசையைத்தான் கலிலியோ, விழும் பொருள்களின் இயக்கத்தில் கண்டார். இது சீரான முடுக்கம். புரட்டிப் பாருங்கள்: பட்டை முதலில் பதுங்கும், பிறகு பாயும்.

மூன்றாவது புத்தகத்தில் அதே எண்களைத் தலைகீழாக வையுங்கள்: 15, 13, 11 என்று குறைந்து 1-இல் முடியட்டும். இப்போது பட்டை வேகமாக வந்து, மெல்ல வேகம் குறைந்து நிற்கும்.

மூன்றிலும் கடந்த தூரம் 64 மி.மீ. தாள்கள் எட்டு. சராசரி வேகமும் ஒன்றே. ஆனால் முதலாவது ஓர் எந்திரம்போல் இருக்கிறது. இரண்டாவது இரைமேல் பாயும் பூனைபோல் இருக்கிறது. மூன்றாவது ஒருவர் வந்து நாற்காலியில் அமர்வதுபோல் இருக்கிறது. மனத்தில் எழும் உணர்ச்சியை மாற்றியது எது? முடுக்கம் ஒன்றுதான்! தம்பி தங்கையிடம் மூன்றையும் காட்டி, எது பயமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு முடுக்கம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. விடை மட்டும் தெரிந்திருக்கும்.

கத்தரியும் காதும்

வரைவதும் படமெடுப்பதும் பாதி வேலை. மீதி எடிட்டிங். 35 மி.மீ. சுருளில் ஒரு பிரேமின் உயரம் 19 மி.மீ. ஓர் அடி நீளத்தில் 16 பிரேம்கள். இரண்டு நிமிட டைட்டில் 180 அடி. ஏறக்குறைய 55 மீட்டர். எடிட்டர் அதைக் கையில் பிடித்து, எந்தப் பிரேமில் வெட்டுவது, எதனோடு ஒட்டுவது என்று முடிவு செய்வார். ஒரு பெயர் படித்து முடிக்கும் அளவுக்கு நிற்கவேண்டும். ஆனால் படித்து முடித்தபின் அலுப்புத் தட்டும்வரை நிற்கக்கூடாது.

இசையோடு வெட்டும்போது கணக்கு இன்னும் நுட்பமாகும். 12 பிரேமுக்கு ஒரு தாளத்தட்டு என்றால் நிமிடத்திற்கு 120 தட்டுகள். 10 பிரேமுக்கு ஒன்று என்றால் 144 தட்டுகள். இரண்டு பிரேம் குறைத்ததில் நாடி துடிப்பு ஏறிவிட்டதுபோல் தோன்றும்!

இங்கே ஒரு வேடிக்கை. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. ஒரு பிரேம் காலத்தில் எவ்வளவு செல்லும்? 340-ஐ 24-ஆல் வகுத்தால் சுமார் 14 மீட்டர். ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் இருக்கிறது. திரையிலிருந்து 28 மீட்டர் தொலைவில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு வயலினின் வெட்டு இரண்டு பிரேம் தாமதமாகவே கேட்கும். முன்வரிசைக்காரரும் பின்வரிசைக்காரரும் சரியாக ஒரே படத்தைப் பார்ப்பதில்லை!

கண்ணுக்குள் சுழலும் சுருள்

'சைக்கோ'வுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1958-இல், அதே ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' வெளிவந்தது. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒரு துப்பறிவாளரும் ஒரு கொலையும் பற்றிய கதை. இதற்கும் டைட்டில் அமைத்தவர் சால் பாஸ்தான். ஒரு பெண்ணின் முகம் மிக அருகில் தெரிகிறது. கேமரா அவள் கண்ணை நெருங்குகிறது. கண்மணிக்குள்ளிருந்து வண்ணச் சுருள்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று வெளிவருகின்றன.

அந்தச் சுருள்கள் நம் இயற்பியல் ஆய்வகத்திற்குப் பழைய நண்பர்கள். 1857-இல் லிசாஜூ என்ற பிரெஞ்சு அறிஞர் இரண்டு இசைக்கவைகளில் சிறு கண்ணாடிகளைப் பொருத்தினார். ஒன்று மேலும் கீழும், மற்றொன்று பக்கவாட்டிலும் அதிரும்படி வைத்து, ஓர் ஒளிக்கற்றையை இரண்டிலும் பட்டுத் திரையில் விழச் செய்தார். திரையில் அழகிய வளைகோடுகள் தோன்றின. செங்குத்தான இரு திசைகளில் நிகழும் தனிச்சீரிசை இயக்கங்கள் சேர்ந்தால் வட்டம், நீள்வட்டம், எட்டு வடிவம் என்று பலவும் பிறக்கும். இரண்டு அதிர்வெண்களும் 1:2, 2:3 போன்ற எளிய விகிதத்தில் இருந்தால் வளைகோடு மூடிக்கொண்டு நிலையாக நிற்கும். விகிதம் சற்றே பிசகினால் அது மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். தட்டையான கோடு, வெளியில் சுழலும் பொருள்போலத் தோன்றும். தலைசுற்றலுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எது?

'வெர்டிகோ'வின் சுருள்களை உருவாக்குவதில் பாஸுக்குத் துணை நின்றவர் ஜான் விட்னி. இவருடைய எந்திரத்தின் கதை கேட்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரில் எம்-5 என்றொரு கருவி இருந்தது. பறக்கும் விமானத்தை நேராகக் குறிவைத்துச் சுட்டால் குண்டு போய்ச் சேர்வதற்குள் விமானம் நகர்ந்துவிடும். எவ்வளவு முன்னால் குறிவைக்கவேண்டும் என்பதைப் பற்சக்கரங்களாலும் நெம்புகோல்களாலும் கணக்கிட்டுப் பீரங்கிக்குச் சொல்லும் கருவி அது. அதைத் தயாரித்தவர்களுள், நம் வீடுகளில் தையல் எந்திரமாக அறிமுகமான சிங்கர் கம்பெனியும் ஒன்று. போர் முடிந்தபின் இத்தகைய கருவிகள் வேண்டாப் பொருள்களாக விற்பனைக்கு வந்தன. விட்னி அதை வாங்கி, சுழற்சியைத் துல்லியமாகக் கட்டுப்படுத்திப் படமெடுக்கும் எந்திரமாக மாற்றியமைத்தார். விமானத்தை வீழ்த்தப் பிறந்த பற்சக்கரங்கள் பூப்போன்ற வடிவங்களைச் சுழற்றத் தொடங்கின! கணிப்பொறியால் அசையும் ஓவியம் படைத்த முன்னோடிகளுள் ஒருவராக விட்னி இன்று போற்றப்படுகிறார்.

அந்த வளைகோடுகளை உங்கள் வீட்டு வாசலிலேயே வரையலாம். ஒரு நூலின் இரு முனைகளையும் இரண்டு ஆணிகளில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் நடுவில் இன்னொரு நூலைக் கட்டினால் ஆங்கில எழுத்து 'ஒய்' போன்ற வடிவம் கிடைக்கும். கீழ்முனையில் அடியில் சிறு துளையிட்ட காகிதக் கூம்பு. அதில் உலர்ந்த கோலமாவு. ஆணிகளின் மட்டத்திலிருந்து கூம்புவரை 100 செ.மீ.; முடிச்சிலிருந்து கூம்புவரை 25 செ.மீ. இருக்கட்டும். ஆணிகளை இணைக்கும் கோட்டின் திசையில் ஆடும்போது ஊசலின் நீளம் 25 செ.மீ.தான். அதற்குச் செங்குத்தாக ஆடும்போது நீளம் 100 செ.மீ. அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, எனவே 1:2. கூம்பைச் சாய்வாக இழுத்து விடுங்கள். தரையில் வில்போன்ற ஒரு வளைகோடு விழும். ஊசலின் வீச்சு குறையக் குறைய, ஒன்றினுள் ஒன்றாகச் சுருங்கும். முடிச்சைச் சிறிது மேலே ஏற்றினால் விகிதம் பிசகும். கோலம் திரும்பத் தொடங்கும்.

கம்பி போயிற்று, கணக்கு போகவில்லை

இன்று டைட்டில் வேலையில் பெரும்பகுதி கணிப்பொறியில் நடக்கிறது. அலுமினியக் கம்பியும் குத்தூசியும் தேவையில்லை. முதல் பிரேமில் பட்டை எங்கே, இருபத்து நான்காம் பிரேமில் எங்கே என்று சொல்லிவிட்டால், இடைப்பட்ட பிரேம்களைக் கணிப்பொறியே நிரப்பிவிடும். ஆனால் எப்படி நிரப்புவது என்று அது கேட்கும். சீராகவா, பதுங்கிப் பாய்ந்தா, பாய்ந்து அடங்கியா? அதற்கு விடையாக வடிவமைப்பாளர் கணிப்பொறித் திரையில் ஒரு வளைகோட்டை வளைக்கிறார். அது என்ன வளைகோடு தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் வரைகிற தொலைவு–நேர வரைபடமேதான்! அதன் சாய்வு வேகம் என்று படித்தீர்களே, அதே சாய்வைத் திருத்தித்தான் அவர் திகிலைக் கூட்டுகிறார், குறைக்கிறார்.

'எனக்குப் படம் வரைவதில்தான் ஆசை, இதெல்லாம் எதற்கு?' என்று கேட்ட மாணவருக்கு இனி என்ன விடை சொல்வீர்கள்? கலையை விட்டு அறிவியலுக்கு வா என்று நான் சொல்லமாட்டேன். பாஸ் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர், ஓவியர்தான். ஆனால் பிளந்த மனம் என்ற அவருடைய எண்ணம், எத்தனை பிரேமில் எத்தனை தூரம் என்ற எண்ணாக மாறிய பிறகே பார்ப்பவர் நெஞ்சைத் தொட்டது. எண்ணம் இல்லாத எண்ணால் பயனில்லை. எண் இல்லாத எண்ணம் பலகையைவிட்டு நகர்வதில்லை.

அடுத்த முறை திரையில் பெயர்கள் ஓடும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். எந்த எழுத்து சீராக வருகிறது, எது முடுகி வருகிறது, எது அடங்கி நிற்கிறது என்று பாருங்கள். தாளத்தட்டுகளை எண்ணுங்கள். அந்தப் பெயர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் ஒவ்வொரு பிரேமையும் எண்ணியிருக்கிறார் என்பதை மறவாதீர்கள். முதலில், அந்த மூன்று சிறு புத்தகங்களைத் தைத்துவிடுங்கள். எட்டுத் தாளும் ஓர் அளவுகோலும் போதும்.